பூஞ்சை பிடித்த வாடகை வீடு: அட்வான்ஸும் மருத்துவச் செலவும் கிடைக்குமா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 1 லட்சம். மாடி வீடும் அதே ஓனருடையதுதான். அங்குள்ள பாத்ரூமிலிருந்து நீர் கசிந்து எங்கள் படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. 4 வயது மகளுக்கு அடிக்கடி வீசிங். நெபுலைசர், மருந்து, நான் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் என்று பணம் கரைகிறது. ஓனர் ஒருமுறை பெயிண்ட் அடித்ததோடு சரி. 'ஈரத்துணியை உள்ளே காயப்போடுவதால்தான் இப்படி' என்கிறார். ஒப்பந்தம் முடியும் முன் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாதாம். வாடகையை நிறுத்தலாமா? மருத்துவச் செலவைக் கேட்க முடியுமா? - வாசகி, வேளச்சேரி

பதில்: சகோதரி, வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருந்தால், உங்களை வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது ஓனர் கையில் அந்த ஆயுதத்தைக் கொடுக்க வேண்டாம். வழக்கு எப்படிப் போனாலும், குழந்தையை இன்று இரவிலிருந்தே அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

பிரிட்டனில் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த அரசு உதவிக் குடியிருப்பில் வளர்ந்த அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020-இல் இறந்தது. அந்தப் பூஞ்சைதான் காரணம் என்று மரண விசாரணையில் உறுதியானது. இத்தகைய வீடுகளில் பூஞ்சைப் புகாரைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்தே தீர வேண்டும் என்று அவன் பெயராலேயே சட்டம் வந்தது. நம் வாடகைச் சட்டத்தில் பூஞ்சை என்ற சொல்லே இல்லை. அதனால் பழுது, பராமரிப்பு என்ற வழியில்தான் நாம் போக வேண்டும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) இரண்டாம் அட்டவணை, யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது உங்கள் பொறுப்பு. கட்டமைப்புப் பழுது, குழாய்களை மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் ஓனர் பொறுப்பு. மேலிருந்து வரும் கசிவு அவர் தலையில்தான் விழும். அவர் மறுத்தால் நீங்களே செய்துகொண்டு, மாதம் பாதி வாடகைக்கு மிகாமல் கழித்துக்கொள்ளலாம். ஆனால் மாடி பாத்ரூமை நீங்கள் போய் உடைக்க முடியாதே! சுவரை மட்டும் சுரண்டிப் பட்டி பார்த்தால் அடுத்த மழைக்குள் பூஞ்சை திரும்பிவிடும். உங்களுக்கு அந்த வழி உதவாது என்பது என் கருத்து.

உங்களுக்குப் பொருந்துவது இன்னொன்று. வசிக்கத் தகுதியில்லாத நிலையில் வீடு இருந்து, எழுத்துமூலம் கேட்டும் ஓனர் பழுதுபார்க்க மறுத்தால், 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். அட்வான்ஸை, உங்கள் பாக்கி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும்.

'எழுத்துமூலம்' என்பதுதான் இங்கே முக்கியம். இதுவரை வாய்ச்சொல்லாகவே கேட்டிருந்தால் இப்போதே கடிதம் அனுப்புங்கள். தபாலில், அவர் பெற்றுக்கொண்டதற்கு ஆதாரம் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு அதையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். சுவரைத் தேதியோடு படம் எடுங்கள். ஒரு பிளம்பரையோ சிவில் இன்ஜினியரையோ அழைத்து, கசிவு எங்கிருந்து வருகிறது என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். ஈரத்துணிக் கதைக்கு அதுதான் பதில். அதற்கு முன் சுவரைக் கழுவிவிட வேண்டாம்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா? '11 மாதம்தானே, தேவையில்லை' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்துக்கும் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் அதை ஆதாரமாகக் காட்டுவதில் சிக்கல் வரும். அப்போது வங்கி வழியாகக் கொடுத்த அட்வான்ஸ், வாடகைப் பதிவுகள் கைகொடுக்கும்.

அப்புறம் மருத்துவச் செலவு. கேட்கலாம், ஆனால் இது சிவில் நீதிமன்றத்தில்தான் நடக்கும். பூஞ்சையால்தான் வீசிங் என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. வீசிங்குக்குத் தூசி, சளி, பரம்பரை என்று பல காரணம் உண்டு என்று எதிர்த்தரப்பு வாதிடும். குழந்தை மருத்துவரிடம் வீட்டின் நிலையைச் சொல்லி, அவர் கருதுவதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேறு வீட்டில் தங்கும்போது குழந்தைக்கு மூச்சு சீராக இருந்தால் அந்தத் தேதிகளையும் குறித்து வையுங்கள். பில்களையும் சம்பளம் பிடித்ததற்கான சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

தொகை சில ஆயிரம் என்றால், அதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். ஓனரை அழைத்துச் சமரசம் பேசுவார்கள். அட்வான்ஸ் முழுவதும், மருத்துவச் செலவில் ஒரு பங்கும் அங்கேயே முடிந்தால் நல்லது. பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்றாலும் உங்களுக்கு அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100. சமரசம் ஆகாவிட்டால் வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. சாவியை ஒப்படைக்கும் நாளில் மட்டும், அவரிடம் கையெழுத்து வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள்.