போர்க்காலத்தில் தேர்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உக்ரைனில் 2024 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய அதிபர் தேர்தல் நடக்கவில்லை. அதைச் சர்வாதிகாரம் என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எரிச்சலாக இருக்கிறது. குண்டு விழும் ஊரில் வாக்குச்சாவடி ஓர் ஆடம்பரம் அல்லவா? சர்ச்சிலும் தேர்தலைத் தள்ளித்தானே வைத்தார்? என் அண்ணன் இராணுவத்தில் இருக்கிறார். நாளை நமக்கும் போர் வந்தால் தேர்தலைத் தள்ளிவைக்க அரசுக்கு உரிமை உண்டா, இல்லையா?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும். சென்ற வாரம் பழைய டிரங்குப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது அப்பா எழுதிய மனுக்களின் கார்பன் நகல்கள் சில கிடைத்தன. அவற்றைப் படித்ததிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டதால்தான் இந்தப் பதில்.

உரிமை உண்டு. நெருக்கடி நிலை அறிவிப்பு நடப்பில் இருக்கும்போது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மக்களவையின் ஆயுளை ஒருமுறைக்கு ஓராண்டுக்கு மிகாமல் நீட்டிக்கலாம் என்றும், அறிவிப்பு விலகிய பின் ஆறு மாதத்துக்கு மேல் அந்த நீட்டிப்பு செல்லாது என்றும் அரசமைப்பின் 83ஆம் பிரிவு சொல்கிறது. உக்ரைன் குறித்தும் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நிலத்தின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எதிரிப் படையிடம் இருக்க, பல லட்சம் மக்கள் அயல்நாடுகளில் அகதிகளாக இருக்க, யாரிடம் போய் வாக்குக் கேட்பது? அவர்களுடைய இராணுவச் சட்டம் தேர்தலைத் தடுக்கிறது. அந்த இராணுவச் சட்ட நிலையையே தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வாக்கெடுத்துத்தான் நீட்டித்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் ‘ஆடம்பரம்’ என்ற சொல்லை எங்கிருந்து பொறுக்கினீர்கள்? சர்ச்சிலைப் பற்றி நீங்கள் சொன்னது பாதிக் கதை. 1935இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த நாடாளுமன்றம், ஒவ்வோர் ஆண்டும் தன் ஆயுளுக்குத் தனியாக ஒரு சட்டம் இயற்றி ஓராண்டு, ஓராண்டாகத்தான் நீட்டித்துக்கொண்டது. ஜெர்மனி வீழ்ந்து, ஜப்பான் இன்னும் சரணடையாதிருந்த 1945 ஜூலை 5 அன்று வாக்குப்பதிவு நடந்தது. கடல் கடந்து நின்ற சிப்பாய்களின் வாக்குச்சீட்டுகள் வந்து சேர்வதற்காக ஜூலை 26 வரை எண்ணாமல் காத்திருந்தார்கள். எண்ணியபோது சர்ச்சில் தோற்றிருந்தார். உங்கள் அண்ணனைப் போன்றவர்களின் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். சீனப் போரையொட்டி 1962 அக்டோபர் 26 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, இடையில் பாகிஸ்தானோடு ஒரு போரையும் கண்டு, 1968 ஜனவரி 10 வரை விலக்கப்படவில்லை. 1967 பிப்ரவரியில் காங்கிரஸை வீழ்த்தி அண்ணாவைக் கோட்டைக்கு அனுப்பிய தேர்தல் அந்த நெருக்கடி நிலைக்குள்தான் நடந்தது. தள்ளிவைக்கச் சட்டமும் இருந்தது, தில்லியில் அதற்கான பெரும்பான்மையும் இருந்தது, ஆயினும் நடத்தினார்கள். விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவத் தலைவரிடம் தோற்றார். போரே நடக்காத 1976இல்தான் மக்களவையின் ஆயுளை இருமுறை நீட்டினார்கள். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள்: 1982 டிசம்பரில் ஒரே ஒரு பொதுவாக்கெடுப்பின் மூலம் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டபோது அங்கே போர் தொடங்கியிருக்கவில்லை, கறுப்பு ஜூலை அதன் பிறகுதான் வந்தது.

தேர்தலைத் தள்ளிப்போட விரும்புகிறவனுக்குப் போர் தேவைப்படுவதே இல்லை என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டபோது எனக்குப் பதினைந்து வயது. அடுத்த தேர்தல் 1996இல் வந்தபோது முப்பத்தெட்டு. இடைப்பட்ட காலம் முழுவதும் தனி அதிகாரிகள் ஊரை நிர்வகித்தார்கள். அவர்களில் திறமையானவர்களும் நேர்மையானவர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு முன் ஓட்டேரியில் எங்கள் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார். சைக்கிளில் வருவார்; டீக்கடைப் பெஞ்சில் அவரை உட்காரவைத்துக்கொண்டு அப்பா உட்பட எல்லோரும் முறைவைத்துத் திட்டுவார்கள்; ஒரு வாரத்துக்குள் சாக்கடை அடைப்பு நீங்கும். மன்றம் போனதும் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. தெருமுனை விளக்குக்காக அப்பா எழுதிய மனுக்களில் வாசகம் எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான், பெறுநரின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. எந்த அலுவலகம் என்பது இப்போது முக்கியமில்லை. கடைசியில் எங்கள் திண்ணையிலிருந்து ஒயர் இழுத்து ஒரு நாற்பது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டார். அதன் பிறகு தெருவில் யாரும் மனு எழுதவில்லை.

பிறகு அரசமைப்பின் 74ஆவது திருத்தம் வந்தது. நகராட்சி மன்றத்துக்கு ஐந்தாண்டுதான், அது முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. மக்களவைக்கு இருப்பதுபோல் நெருக்கடி நிலையைக் காட்டி நீட்டிக்கக்கூட அதில் வழி இல்லை. அந்தச் சட்டம் இருக்கும்போதே, 2016 அக்டோபரில் சென்னை மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. வழக்கு என்றார்கள், வார்டு மறுவரையறை என்றார்கள், பிறகு கொரோனா வந்து சேர்ந்துகொண்டது. உக்ரைன் தேர்தலுக்காக இவ்வளவு உருகும் நீங்கள், உங்கள் வேளச்சேரிக்கு ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலர் இல்லாதபோது யாருக்காவது ஒரு கடிதம் எழுதினீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் எழுதவில்லை.

1996இல் அம்மாவை வாக்குச்சாவடிக்குக் கைபிடித்து அழைத்துப் போனேன். மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு சீட்டுகள் தந்தார்கள். அந்த ஆண்டுக் கோடையில்தான் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து வாக்களித்திருந்தோம். அம்மா இரண்டு சீட்டுகளையும் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டாள்: “அதான் அப்பவே போட்டாச்சே, திரும்ப எதுக்குடா?”