ஏறுவது கடலா, தரையா?

கேள்வி: பனி உருகி உலகமெங்கும் கடல்மட்டம் உயர்கிறது என்கிறார்கள். ஆனால் சுவீடனில் கடல் பின்வாங்குவதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். கதை விடுகிறார்களா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கதையில்லை. கடல் உயர்வது உண்மைதான், பனி உருகி வரும் நீரோடு, சூடேறிய கடல்நீர் விரிவதும் அதற்குக் காரணம். ஆனால் சுவீடனில் தரையே மேலே வருகிறது! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி உட்கார்ந்திருந்தது, அந்தப் பாரத்தில் அமுங்கிய நிலம், பனி போன பிறகு, ஆள் எழுந்ததும் மெத்தை உப்புவது மாதிரி, ஆனால் ரொம்ப ரொம்ப மெதுவாக, இன்னும் எழுந்துகொண்டே இருக்கிறது. 'உயர் கடற்கரை' என்ற பகுதியில் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவில். கடல் ஏறும் வேகத்தைவிட அது அதிகம், அதனால்தான் தண்ணீர் விலகுவதுபோலத் தெரிகிறது.

அங்கே ஸ்கூலெபெர்யெட் என்றொரு மலை. பனி விலகிய காலத்தில் அலை தொட்ட கோடு இன்று சுமார் 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டுக்கு மேலே காடு, கீழே அலை மண்ணை அரித்துவிட்ட பாறை. அந்த வட்டாரக் காடுகளுக்கு நடுவே பழைய கூழாங்கல் கடற்கரைகளும் உண்டு.

எதிர்க்கதையும் இருக்கிறது. பனிக்காலத்தில் உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் வரை தாழ்வு, நம் பாக் நீரிணையே அப்போது வெறும் தரை, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்புறம் கடல் ஏறி ஆற்றுப் பள்ளத்தாக்குகளை விழுங்கியது. சிட்னி துறைமுகம் அப்படி மூழ்கிய பள்ளத்தாக்குதான். பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிப்பாளம், குடைந்த பள்ளத்தாக்கு அப்படி மூழ்கினால் அதுதான் நார்வேயின் ஃபியோர்டு.