விலையைக் குறைக்க பாமாயில் கலக்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்லி கடைக்காரர்கள் நெருக்குகிறார்கள். கொஞ்சம் பாமாயில் கலந்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார் கூட்டாளி. என்ன செய்யட்டும்?

பதில்: கலக்காதீர்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் சுமார் 2.5 கிலோ பருப்பு போகும், புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும் ஆள்கூலி, கரண்ட், பாட்டில் என்று சேரும்போது அடக்கவிலைக்குக் கீழே இறங்க வழியே இல்லை. அந்தக் கணக்கை, அன்றைய பருப்பு விலையோடு, வாசலில் பலகையில் எழுதி வையுங்கள். கலப்பு எண்ணெய் விற்பதற்கு உரிய அனுமதி வேண்டும், எது எவ்வளவு என்று லேபிளிலும் போட்டாக வேண்டும், மறைத்தால் கலப்படம். கட்டுப்படியாகாத கடையை விட்டுவிடுங்கள். அப்புறம், கால் லிட்டர் பாட்டிலும் போடுங்கள், தயங்குகிறவர்கள் வாங்கிப் பார்ப்பார்கள். கூட்டாளியிடம் இன்றே பேசிவிடுங்கள்.