சங்குக்கே சங்கு ஊதின ஒடிசா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போறபோக்குல "ஒடிசாக்காரன் மாதிரி ஓட்டு போட நமக்கு வராது"ன்னு ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்விகளே இந்த வாரம் பக்கத்தை நிரப்பிடுச்சு. சினிமா கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

எங்க பனியன் கம்பெனில கட்டிங் செக்ஷன்ல ஒரு ஒடிசா பையன், பலாங்கிர் பக்கம் ஊரு. 2024 எலெக்ஷனுக்கு லீவு போட்டு போயிட்டு வந்தான். யாருக்குடா போட்டேன்னு கேட்டா, எம்எல்ஏக்கு சங்கு எம்பிக்கு தாமரைங்கறான். ஒரே ஆளு ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் போடுவானா சார்? – வாசகர், திருப்பூர்

போடுவான். சங்குங்கறது ஒடிசாவ 24 வருஷம் ஆண்ட நவீன் பட்நாயக்கோட பிஜு ஜனதா தளம் (பிஜேடி) சின்னம். அங்க லட்சக்கணக்குல அப்டித்தான் போடறாங்க. 2004ல இருந்து ஒடிசாவுல சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஒண்ணாத்தான் எலெக்ஷன். பூத்துக்குள்ள போனா ரெண்டு மெஷின், ரெண்டு தடவ பொத்தான அமுக்கணும், ரெண்டு தடவ பீப் சத்தம். ஒரு மெஷின்ல இருந்து அடுத்த மெஷினுக்கு நாலு எட்டு நடக்கறதுக்குள்ள கட்சி மாறிடறான்.

2019 கணக்க பாருங்க. சட்டசபைக்கு பிஜேபிக்கு விழுந்தது நூத்துக்கு 32 சொச்சம், அதே ஜனங்க அதே நாள்ல பார்லிமெண்டுக்கு போட்டது 38க்கு மேல. அதனால நவீன் பட்நாயக்கோட பிஜு ஜனதா தளம் சட்டசபையில 112 சீட்டோட அமோகமா ஜெயிச்சும், எம்பி சீட்டுல 21க்கு 8ஐ பிஜேபிகிட்ட விட்டுச்சு. வீட்டுக்கு நவீன் பாபு, டெல்லிக்கு மோடி, ரெண்டு வேற வேற கணக்கு நோட்டு.

நம்மூர்லயும் 1980ல ஜனவரி பார்லிமெண்ட் எலெக்ஷன்ல திமுக காங்கிரஸ் கூட்டணிக்கு 39ல 37 குடுத்துட்டு, மே மாசமே எம்ஜிஆர மறுபடி கோட்டைக்கு அனுப்பினோம். ஆனா நமக்கு மனசு மாற நாலு மாசம் தேவைப்பட்டுச்சு, அவங்களுக்கு நாலு எட்டு போதும்.

இது நவீனுக்கும் தெரியும், அதனாலதான் 2024ல மேடைக்கு மேடை "ஜோடி சங்கு, ஜோடி சங்கு"ன்னு கெஞ்சினார், ரெண்டு மெஷின்லயும் சங்கையே அமுக்குங்கன்னு. ஜனங்க கேக்கல. எம்பி சீட்டு 21ல பிஜேபி 20, காங்கிரஸ் 1, சங்குக்கு பூஜ்யம். சட்டசபை 147ல பிஜேபி 78, பிஜேடி 51. சங்குக்கே சங்கு ஊதிட்டாங்க.

உங்க பையன்கிட்ட இன்னொண்ணும் கேட்டு பாருங்க. அவங்க பலாங்கிர் மாவட்டத்துல காண்டாபாஞ்சின்னு ஒரு ஊரு இருக்கு. நுவாகாய்ங்கற அறுவடை பண்டிகை முடிஞ்சதும் அந்த ஸ்டேஷன்ல குடும்பம் குடும்பமா மூட்டை முடிச்சோட ரயிலேறி தெலங்கானா, ஆந்திரா, நம்ம தமிழ்நாடுன்னு செங்கல் சூளைக்கு கிளம்பிடுவாங்க. முன்பணம் வாங்கி ஏற்கனவே செலவாயிருக்கும், சூளையில கல்லு அறுத்துத்தான் அதை கழிக்கணும். நவீன் 2024ல தன்னோட ரெண்டாவது தொகுதியா அந்த ஊரத்தான் எடுத்தார், மேற்கு ஒடிசாவுலயும் எனக்கு ஆளிருக்குன்னு காட்டறதுக்கு. 16,344 ஓட்டுல தோத்தார். 24 வருஷம் முதல்வரா இருந்தவர் "நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்"னு சொல்லிக்க வேற ஊரே கிடைக்கலையான்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு.

ஓட்டு எண்ணிக்கையில பிஜேடிதான் முன்னாடின்னு படிச்சேன், அப்புறம் எப்படி தோத்தாங்க? – வாசகி, காரைக்குடி

உண்மைதான்மா. சட்டசபை ஓட்டுல பிஜேடி 40.22 சதவீதம், பிஜேபி 40.07. ஆனா நம்ம முறையில மொத்த ஓட்ட எண்ணி ஆட்சி குடுக்கறதில்ல, தொகுதி தொகுதியாத்தான். ஒருத்தன் ஒரு தொகுதியில மலை மாதிரி ஜெயிச்சு பக்கத்து நாலுல கொஞ்சத்துல தோத்தா அவ்ளோதான். காங்கிரஸ் 14 எடுத்துச்சு, சுயேச்சை 3, சிபிஎம் 1.

ஒடியாவே சரியா பேச வராத ஒருத்தர 24 வருஷம் எப்டி வச்சிருந்தாங்க? நம்மூர்ல விடுவமா? – வாசகர், கும்பகோணம்

நம்மூர்ல மைக்க பிடுங்கியிருப்போம். அப்பா பிஜு பட்நாயக் 1997 ஏப்ரல்ல செத்தப்ப இவருக்கு அம்பது வயசு, டெல்லி பார்ட்டி சர்க்கிள்ல சுத்திட்டு இருந்த மனுஷன். கூட்டத்துல பேசற ஒடியாவ இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சு பாத்து படிப்பார். ஜனங்க அதை குறையா எடுத்துக்கல. ஒடியா நல்லா பேசினவங்க ஆண்ட லட்சணத்த பாத்துட்டுதான் இவர்கிட்ட வந்தாங்க, அதான் விஷயம்.

1999 அக்டோபர் 29 சூப்பர் புயல்ல கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் செத்தாங்க. அப்ப காங்கிரஸ் ஆட்சி, முதல்வர் கிரிதர் கமாங். இவர் யாருன்னா, அதே வருஷம் ஏப்ரல்ல வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டுல கவிழ்ந்துச்சே, அப்ப முதல்வரா ஆயிட்டும் எம்பி பதவிய விடாம டெல்லி போய் ஓட்டு போட்டாரே அவர்தான். புயலுக்கப்புறம் நாற்காலி போச்சு, 2000 மார்ச்ல பிஜேபி கூட்டணியோட நவீன் உக்காந்தார்.

2013ல பைலின் புயல் கோபால்பூர் பக்கம் கரையேறினப்ப முன்கூட்டியே சுமார் பத்து லட்சம் பேர அப்புறப்படுத்தி சாவ அம்பதுக்குள்ள நிறுத்தினாங்க. கூடவே ஒரு ரூபா அரிசி, பெண்கள் சுயஉதவிக்குழு. சொந்தம்னு ஒரு குடும்பம் கிடையாது, கல்யாணமே பண்ணிக்கல, சம்பாதிச்சு யாருக்கு குடுக்கப்போறார்னு ஒரு நம்பிக்கை. புயல் வந்தா உசிரோட இருப்போம்னு நினைக்கற ஜனத்துக்கு இலக்கணம் எதுக்கு?

2008ல கந்தமால் மாவட்டத்துல கிறிஸ்தவங்களுக்கு எதிரா நடந்த கலவரத்துக்கப்புறம் 2009ல பிஜேபிய கழட்டி விட்டார், பிஜேபி இல்லாமலே 103 சீட்டு. பார்லிமெண்ட்ல மட்டும் டெல்லிக்கு முக்கியமான நேரத்துல எல்லாம் மோடி அரசுக்கு கைகுடுத்துட்டே இருந்தார். "அவரே ஆதரிக்கறார், நாம நேரா அவங்களுக்கே போட்டா என்ன"ன்னு ஜனம் யோசிக்கறதுக்கு வழி போட்டது அவர்தான்னு நான் நினைக்கறேன்.

நவீன தோக்கடிச்சது நம்ம தமிழ்நாட்டு ஐஏஎஸ் பாண்டியன்தான்னு சொல்றாங்களே? – வாசகர், மேலூர்

தோக்கடிச்சதுன்னா பாவம். வி.கே. பாண்டியன் 2000 பேட்ச் ஐஏஎஸ், ஒடியா பொண்ண கட்டிக்கிட்டு ஒடிசா கேடருக்கு, அதாவது அந்த மாநில வேலைக்கு, மாறிப் போனவர், கஞ்சாம்ல கலெக்டரா நல்ல பேரு, ஒடியா நவீனவிட சுத்தமா பேசுவார். 2023 அக்டோபர்ல வேலைய விட்டுட்டு அடுத்த மாசமே கட்சியில சேந்தார். பிரச்சாரம் முழுக்க இவர்தான், ஹெலிகாப்டர்ல ஒரு நாளைக்கு எத்தன கூட்டம். ஒரு மேடையில நவீன் கை நடுங்க, இவர் அந்த கைய பிடிச்சு மறைச்சு விட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. அதுக்கு மேல பேச எதிர்க்கட்சிக்கு வேற வேலையே இல்ல. "ஒடியா அஸ்மிதா", அதாவது ஒடியா சுயமரியாதைன்னு வச்சுக்கோங்க, ஒடியாக்காரன ஒடியாக்காரன்தான் ஆளணும்னு பிஜேபி ஒரே பாட்டு. ரிசல்ட் வந்து ஒரு வாரத்துக்குள்ள அரசியலே வேணாம்னு ஒதுங்கிட்டார்.

என் கணிப்பு, அவர் தமிழரா இருந்தது பாதி காரணம் கூட இல்ல. எம்எல்ஏ, மந்திரின்னு யாரும் முதல்வர நேரா பாக்க முடியாம நடுவுல ஒரு ஆபீசர் நின்னா அவர் பாண்டியனா இருந்தாலும் ஒடியாக்கார பாண்டாவா இருந்தாலும் கட்சிக்காரன் வயிறு எரியத்தான் செய்யும், வயிறு எரிஞ்சவன் பூத்துல வேல பாக்க மாட்டான். நவீனோட சொந்த தொகுதி ஹிஞ்சிலியில 2019ல 60 ஆயிரத்துக்கு மேல இருந்த வித்தியாசம் 2024ல வெறும் 4,636. அது பாண்டியன் கலெக்டரா இருந்த அதே கஞ்சாம் மாவட்டம்.

இன்னொரு வேடிக்க, 1936 ஏப்ரல் 1 வரைக்கும் கஞ்சாம் நம்ம சென்னை மாகாணத்துல இருந்துச்சு. அந்த வகையில பாத்தா வெளியூர்க்காரன்னு சொல்றதே கொஞ்சம் இடிக்குது!

நவீனுக்கு முன்னாடி அது காங்கிரஸ் கோட்டைதானே? – வாசகர், விருதுநகர்

விருதுநகர்ல இருந்து கேக்கறீங்க, அதனால காமராஜர வச்சே ஆரம்பிக்கறேன். 1963ல கட்சி வேலை பாக்க பதவிய விடணும்னு வந்த கே பிளான்ல காமராஜரோட பதவிய விட்ட முதல்வர்கள்ல பிஜு பட்நாயக்கும் ஒருத்தர், அப்ப அவர் காங்கிரஸ்.

கோட்டைன்னு சொன்னா ஓட்டை நிறைய. கடலோரம் காங்கிரஸ், மேற்க பழைய சமஸ்தான ராஜாக்கள். ராஜாக்களோட கணதந்திர பரிஷத் 1957லயே 51 சீட்டு எடுத்துச்சு, காங்கிரஸ் 56தான். அந்த கட்சி பின்னாடி ராஜாஜியோட சுதந்திரா கட்சியில கரைஞ்சுது, 1967ல பலாங்கிர் ராஜா ஆர்.என். சிங் தேவ் முதல்வரே ஆயிட்டார். நம்மூர்ல அண்ணா வந்த அதே வருஷம், அங்கயும் காங்கிரஸ் போச்சு, ஆனா வந்தது ராஜா! அவரோட பேரன் கே.வி. சிங் தேவ்தான் 2024ல வந்த மோகன் மாஜி அரசுல துணை முதல்வர். அந்த முதல்வர் மோகன் மாஜியோ கியோஞ்சர் ஆதிவாசி, மாஜிங்கறது அவர் பேரு.

அப்புறம் 1977 ஜனதா, 1980, 85 காங்கிரஸ் ஜே.பி. பட்நாயக், 1990ல பிஜு 147க்கு 123, 1995 மறுபடி காங்கிரஸ். குடுத்தா அள்ளி குடுக்கறது, எடுத்தா வழிச்சு எடுக்கறது.

பூரி ஜெகன்னாதர் கோயில் பொக்கிஷ அறை சாவி தமிழ்நாட்டுக்கு போயிடுச்சுன்னு பிரதமரே பேசினாரே, கிடைச்சுதா? – வாசகர், திண்டுக்கல்

அது பாண்டியன குத்தறதுக்கு பேசினது, அப்ப நம்ம முதல்வரா இருந்த ஸ்டாலின் மொத்த தமிழரையும் திருடன்னு சொல்ற மாதிரி இருக்குன்னு கண்டிச்சார். புது அரசு வந்து 2024 ஜூலை 14ந்தேதி அந்த பொக்கிஷ அறைய, ரத்ன பண்டார்னு பேரு, திறந்தாங்க. உள் அறைக்கு கையில இருந்த சாவி எதுவும் சேரல, கடைசில பூட்ட உடைச்சுத்தான் உள்ள போனாங்க. உங்க ஊர் பூட்டா இருந்திருந்தா இன்னும் வெளியதான் நின்னுட்டு இருப்பாங்க.