ரிமோட் சம்பளத்தோட லிஸ்பன் போகலாமா, அங்க செலவு கம்மின்றது உண்மையா?

கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான்: வெளிநாட்டு கம்பெனி ஒண்ணுல ரிமோட் வேலை, மாசம் 3,500 யூரோ வருது, போர்ச்சுகல்ல செலவு கம்மின்னு எல்லாரும் சொல்றாங்க, டிஜிட்டல் நோமாட் (வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரிமோட்ல வேலை பாத்துக்கிட்டு வேற நாட்டுல போய் இருக்கறவங்க) விசாவுல போலாமா, அப்புறம் அங்க இருக்கறவங்க ஏன் இதுக்குக் கோபப்படறாங்க.

நான் 2019லேர்ந்து லிஸ்பன் பக்கம்தான் இருக்கேன். ஆனா ரிமோட் சம்பளம் இல்ல, இங்கயே ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில உள்ளூர் சம்பளம். சேரும்போது 1,600 யூரோ, வரி எல்லாம் போக கைக்கு 1,200 பக்கம் வரும். அதனால எனக்குத் தெரிஞ்ச லிஸ்பனும் நீங்க வீடியோல பாத்த லிஸ்பனும் வேற வேற, அத முதல்லயே சொல்லிடறேன்.

செலவு கம்மின்னு சொல்றவங்க காபிய காட்டுவாங்க. உண்மைதான், பேக்கரில நின்னுக்கிட்டே குடிக்கற பிக்கா (நம்ம ஊரு டிகாக்ஷன் மாதிரி சின்ன கப்புல திக்கா இருக்கும்) இன்னும் ஒரு யூரோ பக்கத்துலயே கிடைக்குது, தெருமுனை சாப்பாட்டுக் கடைல சூப்பு, மீனு, காபின்னு மதியச் சாப்பாட்டையே பத்துப் பன்னெண்டு யூரோவுல முடிச்சிடலாம். ஆனா அது ஏன் அந்த விலைல கிடைக்குதுன்னு யோசிங்க. அந்தக் காபிய போட்டுக் குடுக்கற பொண்ணுக்கு 2025 கணக்குல குறைஞ்சபட்ச சம்பளம் 870 யூரோ, வருஷத்துக்கு 14 தடவை. அதுல 11 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்குப் போக கைல 775 கிட்ட நிக்கும். அவளுக்குச் சம்பளம் கம்மி, அதான் உங்களுக்குக் காபி கம்மி. ஆனா வாடகை மட்டும் அவ சம்பளத்தப் பாத்து வைக்கறதில்ல, உங்க சம்பளத்தப் பாத்து வைக்கறாங்க. லிஸ்பன்ல ஒரு ரூமுக்கே 500 யூரோ கேக்கறாங்க, வீடு இல்லங்க, வெறும் ரூமு. ஒரே தெருவுல காபிக்கு ஒரு நாட்டு விலை, வீட்டுக்கு வேற நாட்டு விலை, இங்க இருக்கற கோபம் முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு.

இந்த இடைவெளி எவ்ளோன்னு விசா விதியே சொல்லுது பாருங்க. நீங்க கேட்ட நோமாட் விசாவுக்கு டி8னு பேரு, 2022 அக்டோபர் கடைசில வந்துச்சு, அதுக்கு இங்க இருக்கற குறைஞ்சபட்ச சம்பளத்த மாதிரி நாலு மடங்கு மாச வருமானம் காட்டணும். அப்ப குறைஞ்சபட்சம் 705, அதனால 2,820 கேட்டாங்க. 2025ல 870ன்னு ஆனதால 3,480. அதாவது குறைஞ்சபட்ச சம்பளத்துல இருக்கற உள்ளூர் ஆள் நாலு மாசம் உழைச்சு வாங்கறத ஒரே மாசத்துல வாங்கறவங்கதான் வரலாம்னு அரசாங்கமே எழுதி வச்சிருக்கு. அது மட்டும் இல்ல, ரொம்ப வருஷமா என்எச்ஆர்னு ஒரு வரித் திட்டம் இருந்துச்சு, 2009ல ஆரம்பிச்சது, வெளிலேர்ந்து வர்றவங்கள்ல குறிப்பிட்ட வேலைகள் பாக்கறவங்களுக்குப் பத்து வருஷம் 20 சதவீதம்தான் வரி. அதே வேலை பாக்கற உள்ளூர் ஆளுக்கு வரி 48 சதவீதம் வரைக்கும் ஏறும். 2024லேர்ந்து புது ஆளுங்களுக்கு அத மூடிட்டாங்க, ஆராய்ச்சி மாதிரி சில வேலைகளுக்கு மட்டும் வேற ஒண்ணு இருக்கு, அதனால பழைய வீடியோ பாத்து 20 சதவீதம்னு கணக்குப் போட்டுட்டு வராதீங்க.

என் கதைய சொல்றேன். 2019ல அரோயோஸ் ஏரியால ஒரு பெட்ரூம் வீடு, 700 யூரோ, மூணு வருஷ கான்ட்ராக்ட். அதே வருஷம்தான் டைம் அவுட் பத்திரிகை உலகத்துலயே கூலான ஏரியான்னு அரோயோஸுக்கு முதலிடம் குடுத்துச்சு, நாங்க எல்லாம் சந்தோஷமா அத ஷேர் பண்ணோம். 2022 கடைசில கான்ட்ராக்ட் முடியற நேரம் வீட்டுக்காரர் ரினியூ பண்ணலன்னு லெட்டர் அனுப்பிட்டார். 2023க்கு அரசாங்கம் வாடகை ஏத்தறத 2 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு கட்டுப்படுத்தி இருந்துச்சு, ஆனா அது ஓடிக்கிட்டு இருக்கற கான்ட்ராக்ட்டுக்குத்தான், ஆள மாத்திட்டா புது விலை வைக்கலாம்னு அப்ப இருந்துச்சு, அந்த ஓட்டை வழியாத்தான் நிறைய பேர் வெளில போனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே வீடு, அதே சமையலறை டைல்ஸ், 1,250 யூரோன்னு விளம்பரத்துல பாத்தேன், ரிமோட்ல வேலை செய்றவங்களுக்கு ஏத்ததுன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

வேற வீடு தேடறப்பதான் நெஜமாவே வலிச்சுது. இங்க ஃபியாடோர்னு ஜாமீன் ஆள் கேப்பாங்க, நல்ல சம்பளம் உள்ள உள்ளூர் ஆளா இருக்கணும். எனக்கு யாரு இருக்கா? என்கூட வேலை பாத்த போர்ச்சுகீஸ் பையனுக்கே அவங்க அப்பா பென்ஷன் பத்தாதுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. வெளிலேர்ந்து வர்றவர் ஆறு மாச வாடகைய மொத்தமா முன்னாடியே கட்டிடுவார், வேல முடிஞ்சுது. கடைசில நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் பாரெய்ரோவுக்கு வந்துட்டேன், தினமும் படகுல இருபது நிமிஷம், மாச பாஸ் 40 யூரோ. காலைல ஏழு மணி படகுல வந்து பாருங்க, ஆஸ்பத்திரில துடைக்கறவங்க, ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்தறவங்க, பேக்கரில நிக்கறவங்க, லிஸ்பன நடத்தறவங்க முக்கால்வாசிப் பேரு லிஸ்பன்ல இல்ல.

அதுக்காக எல்லாப் பழியையும் நோமாட் தலைல போடறது நியாயம் இல்லன்னுதான் நான் நெனைக்கறேன். 2011ல நாடு திவாலாகற நிலைமைல 78 பில்லியன் யூரோ கடன் வாங்குச்சு, 2012ல வாடகைச் சட்டத்த தளர்த்துனாங்க, அதே வருஷம் வீடு வாங்கற வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க தங்கற அனுமதிய கோல்டன் விசான்னு குடுத்தாங்க (வீடு வாங்கி அத எடுக்கற வழிய 2023லதான் மூடுனாங்க), அப்புறம் வீட்ட டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடற ஏர்பிஎன்பி. அரசாங்கம் கட்டின வாடகை வீடு மொத்த வீட்டுல 2 சதவீதம் பக்கம்தான், அதே நேரம் 2021 சென்சஸ்ல ஏழு லட்சம் வீட்டுக்கு மேல காலி. நோமாட் வந்தது இத்தனைக்கும் அப்புறம். ஆனா காஞ்ச வைக்கோல்ல விழுந்த நெருப்பு மாதிரி ஆயிடுச்சு. 2023ல வாழ வீடு வேணும்னு ஊர்வலம் போனப்ப நானும் போனேன், டீச்சருங்க நிறைய வந்திருந்தாங்க, லிஸ்பன்ல போஸ்டிங் கிடைச்சும் வாடகை கட்ட முடியாம வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. ஸ்பெயின்லயும் இதே கதைதான், 2024 ஏப்ரல்ல கேனரி தீவுகள்ல பெரிய ஊர்வலம், பார்சிலோனா 2028க்குள்ள பத்தாயிரத்து சொச்சம் டூரிஸ்ட் ஃபிளாட் லைசென்ஸையும் நிறுத்தறேன்னு சொல்லிருக்கு.

இன்னொண்ணு, நம்ம பக்கத்து ஆளுங்கள பத்தி. லிஸ்பன் நடு ஊர்ல மார்ட்டிம் மோனிஸ் பக்கம் பென்ஃபோர்மோசோ தெருவுக்குப் போனீங்கன்னா பங்களாதேஷ், நேபாளம், இந்தியாலேர்ந்து வந்தவங்க ஒரே ரூமுல எத்தனையோ பேரு படுத்திருப்பாங்க, சாப்பாடு டெலிவரி ஓட்டறாங்க, தெற்க ஒடெமிரால பெர்ரி பறிக்கறாங்க. அவங்களும் வெளிநாட்டுக்காரங்கதான், ஆனா அவங்கள யாரும் நோமாட்னு சொல்றதில்ல. வாடகை ஏறினதுல மொதல்ல அடி வாங்கினது அவங்க.

சரி, வரலாமான்னா, வாங்க, நான் தடுக்கல. ஆனா லிஸ்பன் நடு ஊர்ல வேணாம். வேலை ரிமோட்தானே, ஃபுண்டாவோ மாதிரி உள்நாட்டு ஊருக்குப் போங்க, லிஸ்பன்லேர்ந்து ரயில்ல மூணு நாலு மணி நேரம், ஆளுங்க காலி பண்ணிட்டுப் போன ஊருங்க, ஆளு வந்தா சந்தோஷப்படுவாங்க. எங்க போனாலும் வரி ஆபீஸ்ல பதிவு பண்ண கான்ட்ராக்ட் இல்லாம வீடு எடுக்காதீங்க, ஆறு மாச வாடகை மொத்தமா கேட்டா குடுக்காதீங்க, நீங்க குடுத்தா அடுத்து வர்ற ஆள்கிட்டயும் அதயேதான் கேப்பாங்க, அந்த ஆள் அந்த பேக்கரி பொண்ணா இருக்கலாம். மொழி கொஞ்சமாவது கத்துக்கிட்டு வாங்க. லிஸ்பன்தான் வேணும்னா பாரெய்ரோ பாருங்க, படகுத்துறைக்கு நடக்கற தூரத்துல எந்தத் தெருவெல்லாம் பரவாயில்லன்னு கமெண்ட்ல கேளுங்க, சொல்றேன்.