சிந்தெடிக் பயாலஜியில் ஆர்வம் இருப்பதை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது?

பயோடெக் மூன்றாம் ஆண்டு, சிந்தெடிக் பயாலஜியில், அதாவது மரபணுக்களைப் பொறியியல் போல வடிவமைக்கும் துறையில், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறீர்கள். "சிறு வயதிலிருந்தே டி.என்.ஏ. மீது ஆர்வம்" என்று ஒரு பத்தி எழுதி வைத்திருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள். ஒரு சின்ன அளவீட்டைச் செய்து, அது எங்கே சொதப்பியது என்று எழுதுங்கள்.

ஐஜெம் என்ற உலகளாவிய மாணவர் சிந்தெடிக் பயாலஜி போட்டியில் 2015-இல் பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்த சோதனையே போதும். ஜே23101, ஜே23106, ஜே23117 என்று மூன்று புரோமோட்டர்கள், அதாவது மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. சுவிட்சுகள். மூன்றுக்கும் பின்னால் ஒரே ஜி.எஃப்.பி., பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணு. முதலாவது வலுவானது, கடைசியானது நோஞ்சான். எது எத்தனை மடங்கு பச்சை என்பதுதான் கேள்வி.

முதலில் இதை பாக்டீரியாவுக்குள் ஏற்ற வேண்டும். டி.எச்.5 ஆல்ஃபா காம்பிடென்ட் செல் (வெளி டி.என்.ஏ.-வை ஏற்கத் தயார்செய்த ஈ.கோலை) 50 மைக்ரோலிட்டர், பிளாஸ்மிட் (புரோமோட்டரையும் ஜி.எஃப்.பி.-யையும் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) 1 மைக்ரோலிட்டர். ஐஸில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி ஐஸில் 2 நிமிடம். எஸ்.ஓ.சி. என்ற ஊட்டக் கரைசல் 950 மைக்ரோலிட்டர் விட்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஷேக்கரில். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டு என்றால் சிலர் இந்த ஒரு மணி நேரத்தைச் சுருக்குவார்கள். இந்த பிளாஸ்மிட்டில் இருப்பது குளோராம்பெனிகால் எதிர்ப்பு. அந்த மருந்து புரத உற்பத்தியையே நிறுத்துவது. எதிர்ப்புப் புரதத்தை முன்கூட்டியே செய்துகொள்ள செல்லுக்கு அவகாசம் வேண்டும். மருந்து மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம். ஸ்டாக்கை எத்தனாலில் கரையுங்கள், தண்ணீரில் சரியாகக் கரையாது. டி.என்.ஏ. போடாத செல்லை அதே மருந்துத் தட்டு ஒன்றில் பரப்புங்கள். அதிலும் காலனி வந்தால் மற்ற தட்டுகளை நம்ப முடியாது.

பலரும் கோட்டை விடுவது அளக்கும்போதுதான். செல் வளரும் எல்.பி. மீடியமே பச்சையில் லேசாக ஒளிரும். ஓரிரவு வளர்த்த செல்லை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் கலந்து, ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.5 அளவுக்கு நீர்க்கச் செய்து படியுங்கள். ஜி.எஃப்.பி. இல்லாத வெற்று பிளாஸ்மிட் செல்லும் கூடவே வேண்டும். உதாரணத்துக்கு, பி.பி.எஸ். அளவைக் கழித்தபின் ஜே23117 செல்லின் ஒளி 450, ஓ.டி. 0.5, வெற்று செல் 400, ஓ.டி. 0.4 என்று வையுங்கள். கழித்துவிட்டு 0.5-ஆல் வகுத்தால் 100, ஆகா, ஒளிர்கிறது! தனித்தனியே வகுத்துவிட்டுக் கழித்தால் 900-இலிருந்து 1000 போய் மைனஸ் 100. ஒளியே இல்லை. இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் செல்லின் சொந்த ஒளி செல் எண்ணிக்கையோடு கூடும்.

"இது பிள்ளை விளையாட்டு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் எங்கே?" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். ரெக்கார்டு நோட்டில் "எதிர்பார்த்த முடிவு கிடைத்தது" என்று எழுதாவிட்டால் கையெழுத்து விழாத கல்லூரிகளில் அந்த மைனஸ் 100-ஐ யாரும் எழுத விடுவதில்லை. சீனியர் நோட்டைப் பார்த்து கலர் பென்சிலில் காலனி வரைவதற்கு ஆய்வகம் எதற்கு?

நீங்கள் அந்த எண்ணை அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள், மூன்று தனித்தனிக் காலனிகளில் திரும்பச் செய்து பார்த்துவிட்டு. வீட்டில் வேண்டாம், கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், தட்டுகளை ஆட்டோகிளேவ் செய்யாமல் குப்பையில் போடாதீர்கள்.