சூளையில் சிக்கிய குடும்பத்தின் அட்வான்ஸை நாமே கட்டி மீட்கலாமா?

கேள்வி: திருவள்ளூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். செங்கல் பார்க்கச் சூளைக்குப் போனபோது, கல் அறுக்கும் இருளர் குடும்பம் ஒன்று, ஊரில் நடந்த சாவுக்குக்கூடத் தங்களை விடவில்லை என்று அழுதது. 40,000 ரூபாய் அட்வான்ஸ் பாக்கியாம். பத்து வயதுப் பையனும் கல் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பணத்தை நானே கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடனையே ரத்து செய்துவிட்டது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்கும் முதலாளிக்கு 9ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த சீசனில் வேறொரு குடும்பத்துக்கு அட்வான்ஸாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

பூட்டும் காவலும் இருந்தால்தான் கொத்தடிமை என்றில்லை. வாங்கிய முன்பணத்தைக் காட்டி, வெளியே போகவோ வேறு வேலை தேடவோ விடாமல் தடுத்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'அது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையதே.

சூளைக்காரரிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். லோடை ரத்து செய்து சத்தம் போடவும் வேண்டாம். அன்று ராத்திரியே குடும்பத்தை வண்டியில் ஏற்றி வேறு சூளைக்கு அனுப்பிவிடுவார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாலும் இதே கதிதான். சூளை இருக்கும் இடம், எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், சொந்த ஊர், அவர்கள் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பையனுக்காக 1098, அடி உதை என்றால் 112, இலவச சட்ட உதவிக்கு 15100.

அதிகாரிகள் வந்த பிறகுதான் உங்கள் உதவி அதிகம் தேவைப்படும். 'கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்' என்று சமாதானம் பேசும் வழக்கம் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. முதலாளியும், ஆள் பிடித்து வரும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில் விசாரணை நடக்க வேண்டும். முடிவில் ஒவ்வொருவர் கையிலும், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் போனால், சீசன் முடிவதற்குள் அவர்கள் வீட்டு வாசலில் மேஸ்திரி வந்து நிற்பான். உடனடி உதவி 30,000 ரூபாய் வரையிலும், பிறகு மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடூரமான சுரண்டலுக்கு மூன்று லட்சம் ரூபாயும் கிடைக்க வழியிருக்கிறது.

குடும்பம் வெளியே வந்த பிறகு ஆர்டரை ரத்து செய்யுங்கள். அடுத்த சூளையில் விலை பேசும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: கூலி புருஷன், பெண்டாட்டி இருவர் கையிலும் தனித்தனியாகப் போகிறதா? சீசன் நடுவில் ஊருக்கு விடுவார்களா? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள்? கல்லின் விலையை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பேசும் இன்ஜினியரிடமும் இதையே கேளுங்கள். அந்தக் குறைப்பு கடைசியில் கல் அறுப்பவர் கூலியில்தான் விழுகிறது.